பரிசோதனை யார் பொருட்டு?

நமது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் சிறுகதைக்கும் கவிதைக்கும் இடம் சுருங்கிவந்த காலத்திலேயே தனக்கென நிலையான பக்கமொன்றைப் பெற்றுக்கொண்ட எழுத்து வகை ஒன்று உண்டு. உடல்நலக் கட்டுரை என அதனைக் குறிப்பிடலாம். விமரிசகர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அது வைத்தியரின் துறை, இலக்கியக்காரருக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மக்கள் மிகுதியாகப் படிக்கின்ற, படித்ததை அயலாருக்கு எடுத்துரைக்கின்ற ஓர் உரைநடையை விமரிசனத்தின் எல்லைக்கு வெளியே விட்டுவைத்தல் முறையாகாது. அதற்கும் ஒரு நடை உண்டு. மனத்திற் கொண்ட ஒரு வாசகர் உண்டு. அந்த வாசகர் எந்த வர்க்கத்தவர் என்ற கேள்வியும் உண்டு.

அக்கட்டுரைகளின் வாக்கியங்கள் பெரும்பாலும் ஏவலில் முடிகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியதும் இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். முதல் நாள் இரவு உணவுக்குப் பின் ஏதும் உண்ணாது, காலையில் வெறும் வயிற்றுடன் ஆய்வுகூடம் சென்று சீனியின் அளவை அறிந்துகொள்ளுங்கள். அஞ்சவேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இங்ஙனம் செல்கிறது நடை.

இவ்வறிவுரைகளின் அடிப்படை மெய்யானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கையில் இன்று நிகழும் மரணங்களில் பத்தில் எட்டு, தொற்றாத நோய்களால் நிகழ்வன. இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் ஆகியவையே நம் தலைமுறையின் கொள்ளைநோய்கள். இவற்றுள் இரத்த அழுத்தமும் நீரிழிவும் வலியின்றி வருவன. வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே சிறுநீரகத்தையும் கண்ணின் விழித்திரையையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் அவை அரிக்கத் தொடங்கிவிடுகின்றன. வளர்ந்தோரில் ஐவருக்கு ஒருவர் என்ற அளவில் நீரிழிவு பரவியுள்ள நாட்டில், நோய் வருமுன் அல்லது வந்த தொடக்கத்திலேயே அதனைக் கண்டறிதல் ஆடம்பரமன்று. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்த தொழிலாளியின் குடும்பம் அடுத்த மாதமே பிள்ளையின் படிப்பை நிறுத்துவதை ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். வரவுப் பதிவேட்டில் அடிக்கப்படும் அந்தப் பெயர்களின் பின்னால், அளக்கப்படாத இரத்த அழுத்தம் ஒன்று பலமுறை இருந்திருக்கிறது.

ஆகவே எமது குற்றச்சாட்டு அறிவுரையின் மீதன்று. 'நீங்கள்' என்ற அந்த முன்னிலைச் சொல்லின் மீதே. அந்த 'நீங்கள்' இரவில் உறங்குபவர். காலையில் ஆறுதலாக எழுபவர். ஒரு முற்பகலை இழந்தாலும் மாதச் சம்பளம் குறையாதவர். வெள்ளவத்தையில் காலி வீதியின் இரு மருங்கிலும் தனியார் ஆய்வுகூடங்களின் பலகைகள் அழைப்பது அவரையே. இத்தனை சோதனைகள் சேர்ந்து இத்தனை ரூபா என்று, தீபாவளிப் புடைவைக் கழிவு போல அவை விலை கூறுகின்றன. கட்டுரையும் பலகையும் ஒரே வாசகரைப் பார்த்துப் பேசுகின்றன. அந்த வாசகருக்கு வெளியே நிற்பவர்கள் அறியாமை மிக்கவர்களாகவும், சோம்பலாலும் மூடநம்பிக்கையாலும் தம் உடலைத் தாமே கெடுத்துக்கொள்பவர்களாகவும் கட்டுரையின் இறுதிப் பந்தியில் கண்டிக்கப்படுகிறார்கள்.

அப்படி வெளியே நிற்கும் ஒருவரைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே சென்று களனி கங்கையைக் கடந்தால் பேலியகொடை. நிருவாகத்தின்படி அது கம்பகா மாவட்டத்தைச் சேர்ந்ததெனினும், தலைநகரின் வயிறு இன்று அங்கேதான் இருக்கிறது. புறக்கோட்டை சென். ஜோன்ஸ் சந்தையில் நடந்த மீன் மொத்த வியாபாரம் 2011இல் அங்கு மாற்றப்பட்டது. காய்கறியும் பழமும் விற்ற மெனிங் சந்தையும் 2020 நவம்பரில் அதே நகருக்குப் பெயர்ந்தது. மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மீன் லொறிகள் இரவில் வந்து சேர்கின்றன. நள்ளிரவுக்குப் பின் தொடங்கும் வியாபாரம் விடியலோடு தணிகிறது. பனிக்கட்டி நிறைந்த பெட்டிகளைத் தோளிலும் தள்ளுவண்டியிலும் சுமக்கும் நாட்டாமைகளுள் சிங்களவர், முஸ்லிம்கள், மலைநாட்டிலிருந்து வந்த தமிழ் இளைஞர் எல்லோரும் உளர். ஈரத் தரையும், உப்பு நீரும், சீனி மிகுந்த பால்தேநீரும், பீடியும் அவர்களது இரவு.

இவர்களுக்கு 'இரவு உணவுக்குப் பின் உண்ணாது காலையில் வருக' என்று கூறுவதன் பொருள் யாது? இரவு முழுவதும் பெட்டி சுமப்பவன் உண்ணாதிருத்தல் எங்ஙனம்? அவன் வேலை முடித்துக் கண்ணயரும் வேளையில்தான் அரசாங்கத்தின் இலவச நிலையமும் கதவைத் திறக்கிறது. 2011 முதல் சுகாதார அமைச்சு நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களைத் திறந்து, முப்பத்தைந்து வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தம், சீனி, நிறை, இடுப்பளவு ஆகியவற்றை இலவசமாகப் பார்த்து வருகிறது. போற்றத்தக்க ஏற்பாடு அது. வேலைத்தலங்களுக்குச் சென்று பார்ப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலான நிலையங்கள் வார நாட்களின் முற்பகலில் இயங்குகின்றன. அங்கு வருவோருள் பெண்களே மிகுதி, உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள் அரிது என்பதை அத்துறையினரே திரும்பத் திரும்ப எழுதியுள்ளனர். காரணம் ஆண்களின் அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதே வழக்கம்.

மாணவர் ஒருவரின் தந்தை, சந்தையில் நெடுங்காலம் சுமை தூக்கியவர். இது குறித்துக் கேட்டபோது அவர் தந்த விடையில் அலட்சியம் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. "மாஸ்டர், நோவு வந்தா பெரியாஸ்பத்திரி இருக்கு. நோவே இல்லாத நாள்ல போயி கியூவில நின்னா, அன்னைக்குக் கூலிய யாரு தருவாங்க?" என்றார். "சீனி வருத்தம் நோவு காட்டாம வருமே, அண்ணே" என்றதற்கு, "அதுவும் தெரியும் மாஸ்டர். எங்கம்மாவுக்குக் கால் எடுத்தாங்க" என்றார். அறிவின்மை எங்கே இருக்கிறது? அவருக்கு நோயின் போக்குத் தெரியும். நாட்கூலியின் கணக்கும் தெரியும். கட்டுரை எழுதுபவருக்கே இரண்டாவது கணக்குத் தெரியவில்லை.

இனி, பேலியகொடைத் தொழிலாளியின் உடலை இந்நாடு ஒருமுறையும் பரிசோதிக்கவில்லையோ எனின், பரிசோதித்தது. 2020 ஒக்டோபரில் பரிசோதித்தது. அம்மாதத் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் கொரோனாத் தொற்று வெளிப்பட்டது. மூன்றாம் வாரத்தில் மீன்சந்தையில் ஏறத்தாழ நூறு பேருக்குச் செய்த பி.சி.ஆர். சோதனையில் 49 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. சந்தை மூடப்பட்டது. அதன் பின்னர் சில கிழமைகளுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த ஊரின் பெயர் நோயின் பெயராகவே ஒலித்தது. 'பேலியகொடைக் கொத்தணி' என்றார்கள். மீன் வாங்கவே மக்கள் அஞ்சினர். மீன் தீங்கற்றது என்பதை நிறுவ, முன்னாள் கடற்றொழில் துறை அமைச்சர் ஒருவர் பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்து உண்டு காட்டியதும் அந்த நவம்பரில்தான். மீனின் மானத்தைக் காப்பதற்கு ஓர் அரசியல்வாதியேனும் முன்வந்தார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

கொள்ளைநோயின் வேளையில் சோதனை அவசியமே. அதனைக் குறைகூறுவார் அறிவிலார். எமது கேள்வி வேறு. அந்த ஒக்டோபர் வரையில், சந்தை அங்கு வந்த ஒன்பது ஆண்டுகளில், அதே மனிதரின் இரத்த அழுத்தத்தை அளப்பதற்கு அந்த நள்ளிரவில் எத்தனை பேர் பாலத்தைக் கடந்து சென்றனர்? அவரது உடல் நகரத்துக்கு ஆபத்தாகிய நாளில் சில மணி நேரத்துக்குள் வைத்தியரும் ஊர்தியும் சோதனைக் குழாயும் வந்து சேர்ந்தன. அவருக்கே ஆபத்தாயிருந்த காலத்தில் அவர் வரவேண்டுமென்று மட்டும் எழுதப்பட்டது.

தொழிலாளியின் உடலைப் பிறர் பொருட்டுப் பரிசோதிக்கும் வழக்கம் 2020இல் தோன்றியதன்று. நம் வரலாற்றில் அதற்கு ஆழமான வேர் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்த துரைமார் ஆட்சி, 1901இல் தகர வில்லை முறையைக் கொண்டுவந்தது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பதைக் காட்டும் இலக்கம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்தில் அமைந்த முகாமில், கடலைக் கடக்குமுன் அவர்கள் நாட்கணக்காக அடைத்துவைக்கப்பட்டனர், அம்மைப்பால் குத்தப்பட்டனர், வாந்திபேதியோ அம்மையோ பிளேக்கோ உண்டோ எனப் பார்க்கப்பட்டனர். பேலியகொடைக்கு வடக்கே அதிக தூரமில்லாத ராகமையிலும் அத்தகைய முகாமொன்று முன்னர் இருந்தது. போயர் யுத்தக் கைதிகளுக்கென அமைத்த இடம் அது. நோய் தீவினுள் நுழையலாகாது, தோட்டத்தின் ஆட்கணக்குக் குறையலாகாது என்ற இரு நோக்கங்களே அப்பரிசோதனைக்கு இருந்தன. மண்டப முகாம் பின்னாளில் ஈழத்து அகதிகளின் முகாமாயிற்று. அந்த மண்ணின் விதி அப்படிப் போலும்.

1916இல் ரொக்பெல்லர் மன்றத்தார் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது நடந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சோதித்துப் பார்த்ததில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட தொழிலாளருக்கு அப்புழு இருந்தது. இரத்தத்தை உறிஞ்சி, சோகையால் உடலைத் தளரச் செய்யும் நோய் அது. தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசிய துரைமாருக்கு, சோம்பலின் காரணம் குடலில் இருப்பது அன்றுதான் விஞ்ஞானத்தால் காட்டப்பட்டது. மருந்து கொடுத்தால் உழைப்புப் பெருகும் என்பதனால் பலர் மருந்தை வரவேற்றனர். ஆனால் மண்ணில் மலம் கழிக்கும்வரை புழு திரும்பத் திரும்ப வெறுங்காலின் வழியே ஏறும். அதனைத் தடுக்க மலகூடம் கட்டவேண்டும். அதற்குப் பணம் செலவிடத் தோட்ட முதலாளிகளுள் பலர் தயங்கினர். சோதனையும் மருந்தும் கிடைத்தன, தடுப்பு கிடைக்கவில்லை. லயன் அறையை மாற்றாது அதில் வாழ்பவரின் மலத்தை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்த கதை இது.

இதற்கு மாறான மரபு ஒன்றும் இத்தீவில் உண்டு. அது பெருமைக்குரியது, நமது மாணவர் பலர் அறியாதது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. அதற்கும் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவி இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பு, அதற்குள் வாழும் மக்கள் அனைவருக்கும் பொறுப்பான ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவரின் கீழ்ப் பரிசோதகரும் தாதியும் மருத்துவிச்சியும் என்பது அதன் அமைப்பு. இங்கே நோயாளி வைத்தியரைத் தேடி வருவதற்குக் காத்திருக்கவில்லை. மருத்துவிச்சி படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வந்தாள். கர்ப்பிணி யார், குழந்தையின் நிறை எவ்வளவு, ஊசி போட்டாயிற்றா, கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் இடையே எத்தனை அடி என்று கேட்டாள். இன்றும் ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு மருத்துவிச்சி என்ற கணக்கில் அந்த அமைப்பு நிற்கிறது. 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்ட நாட்டில் இன்று அத்தொகை 30ஐ ஒட்டி நிற்கிறதென்றால், இலவச வைத்தியசாலைகளோடு அவளது குடைக்கும் கைப்பைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. கிரமமான பரிசோதனை என்று நாம் பேசுவதன் மிகச் சிறந்த உருவம் அதுவே. அதில் கட்டணம் இல்லை; விளம்பரம் இல்லை; வராதவரைக் கண்டிக்கும் இறுதிப் பந்தியும் இல்லை.

இம்மரபுக்கு அரசியல் ஊட்டம் எங்கிருந்து வந்தது? 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் தொடங்கிய மலேரியா, 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. அவ்வேளை சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்றனர். வைத்தியரான எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா போன்றோர் அங்கே கண்டது காய்ச்சலை மட்டுமன்று. காய்ச்சல் வருமுன்னரே பசியால் உருக்குலைந்திருந்த உடல்களைக் கண்டனர். கொயினாவோடு பருப்பையும் கொண்டுசென்று கொடுத்தனர். பெரேராவைப் 'பருப்பு மாத்தயா' என்று மக்கள் அழைத்ததன் காரணம் இதுவே. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டில் பிலிப் குணவர்தனவும் பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்டதனால், மருந்தகம் கேட்ட கிராமத்தானை மறுக்க எந்த உறுப்பினருக்கும் துணிவிருக்கவில்லை. 1848இல் சைலீசியாவில் சன்னிக்காய்ச்சலை ஆராயச் சென்ற வைத்தியர் வியர்கோ, மருந்துக்குப் பதிலாக மக்களாட்சியையும் கல்வியையும் பரிந்துரைத்துத் திரும்பினார் என்பர். இங்கே வாக்குச்சீட்டும் மருந்துச்சீட்டும் ஒரே காலத்தில் கிராமத்தை அடைந்தன.

வாக்குச்சீட்டு இல்லாத இடத்துக்கு மருந்துச்சீட்டும் தாமதித்தே வந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தொழிலாளரைச் சபைக்கு வெளியே நிறுத்தின. அவர்களது சுகாதாரம் தோட்டத்துரையின் பொறுப்பாகவே விடப்பட்டது. அரசாங்கத்தின் மருத்துவிச்சி கிராமத்தின் எல்லையில் நின்றாள். தோட்டத்தின் 'டிஸ்பென்சர்' ஒரே போத்தல் மருந்தை எல்லா நோய்க்கும் ஊற்றினார். எழுபதுகளில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. இன்று பேலியகொடையில் பெட்டி சுமக்கும் மலையக இளைஞன் அந்த வரலாற்றைத் தன் உயரத்திலும் எலும்பிலும் சுமந்தே பாலத்தைக் கடக்கிறான்.

தடுப்பு மருத்துவம் எத்துணை விரைவில் சிதையும் என்பதற்கும் மலேரியாவே சான்று. 1946இல் தொடங்கிய டி.டி.டி. தெளிப்பாலும் இடைவிடாத கண்காணிப்பாலும் 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிடைத்துவிட்டதென்று தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. இரத்தத் துளி எடுத்துப் பார்க்கும் அலுப்பூட்டும் பணிக்குச் செலவு ஏன் என்ற எண்ணம் மேலோங்கியது. 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தையும் தாண்டிச் சென்றது. அதன் பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு, இடையே ஒரு யுத்தம், அனைத்தையும் கடந்து 2016 செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆள் வராதபோதும் நிலையத்தைத் திறந்து வைத்திருப்பதே தடுப்பின் இலக்கணம். கணக்காளர்களுக்கு இது விளங்குவது கடினம்.

கணக்காளர் என்றதும் நம் பக்கத்து வரலாறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் 1951 முதல் இலவசமாயிருந்த சிகிச்சைக்கு, 1971இல் புறநோயாளர் ஒருவருக்கு 25 சதம் என்று கட்டணம் விதிக்கப்பட்டது. விதித்தது இடதுசாரிகள் பங்கு கொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம். நிதியமைச்சர் வேறு யாருமல்லர், பருப்புச் சுமந்து சென்ற அதே என். எம். பெரேராவே. 25 சதம் அற்பத் தொகை. ஆனால் புறநோயாளர் வரிசை அதற்கே சுருங்கிற்று. நோயாளிகள் குறைந்துவிட்டனர் என்றா பொருள்? 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. வருத்தம் முற்றியவன் 25 சதத்தைக் கடன்பட்டாயினும் கொடுப்பான். வருத்தம் தெரியாதவன் கொடுக்கமாட்டான். அற்பக் கட்டணமும் முதலில் வெட்டுவது தடுப்பையே என்பதை எதிரிகளின் ஆட்சியிலன்றி நம்மவரின் ஆட்சியிலேயே நாம் கற்றோம். இதனை மறைத்து எழுதும் இடதுசாரி வரலாறுகள் மாணவருக்குப் பயன்தரா.

இனி, வெள்ளவத்தைப் பலகைகளுக்கு வருவோம். அங்கே விற்பனையாகும் 'முழுவுடல் பரிசோதனை' உயிரைக் காக்கிறதா? நோயறிகுறி ஏதுமற்ற வளர்ந்தோரிடையே பொதுவான உடற்பரிசோதனை நடத்தியதன் விளைவுகளைப் பல நாடுகளில் ஆராய்ந்த முடிவுகளை, கொக்கிரேன் என்ற ஆய்வுக் குழுவினர் 2012இலும் பின்னர் 2019இலும் தொகுத்தனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் சம்பந்தப்பட்ட அந்த ஆய்வுகளின்படி, அத்தகைய பொதுப் பரிசோதனையால் மரணத்தொகை குறைந்ததாகத் தெரியவில்லை. இது கேட்டு, பரிசோதனையே வீண் என்று முடிவு கட்டுவோர் அவசரக்காரர். இரத்த அழுத்தத்தை அளத்தல், உரியவருக்குச் சீனி பார்த்தல், கர்ப்பிணியைத் தொடர்ந்து கவனித்தல், பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை செய்தல் ஆகியவை பயன் நிறுவப்பட்டவை, மலிவானவை. இறுதியாகச் சொன்னதற்கென 1996 முதல் அரசாங்கம் பெண்களுக்கான நிலையங்களை இலவசமாக நடத்தி வருகிறது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒவ்வொருவரும் அங்கு செல்வது நன்று. பலகையில் விலை கூறும் நீண்ட பட்டியலின் பெரும்பகுதி இத்தகையதன்று. வேண்டியவன் பெறாததும், பெற்றவனுக்கு வேண்டாததும் ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. சோதனைக்குப் பின் மருந்து தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்பதும் உண்டு. 2022இன் நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, அழுத்தத்தின் அளவை அறிந்திருந்தும் குளிகையின்றிப் பலர் திரும்பினர்.

இலக்கியத்தின் பங்கையும் கேட்டுவிட வேண்டும். உடல்நலக் கட்டுரையாளரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' நோயாளி மனைவியையும் ஜவுளிக்கடைச் சிப்பந்தியான கணவனையும் பற்றியது. தமிழில் ஒரு சிகரம். 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைச் சொன்னது. எழுதியவரும் 1948இல், நாற்பத்திரண்டாம் வயதில், காசநோய்க்கு இரையானார். அந்தத் தலைமுறையின் துயரம் பொய்யன்று. ஆனால் அவர்களுக்குப் பின் வந்த முற்போக்குச் சிறுகதையில் நோய் ஒரு வாய்பாடாகிவிட்டது. கதையின் கடைசிப் பக்கத்தில் இருமல் வரும், இரத்தம் வரும், வறுமை நிரூபிக்கப்படும், கதை முடியும். நோய் எங்கே தொடங்கிற்று, எவர் எப்போது தடுத்திருக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. விதி என்று பழைய கதை சொன்னதை முதலாளித்துவம் என்று புதிய கதை சொல்லிற்று. இரண்டிலும் நோயாளி படுக்கையிலேயே கிடந்தார். இப்சன் 1882இலேயே குளிப்பு நீரில் கிருமியைக் கண்டுபிடித்த வைத்தியரை நாடகத்தின் நாயகனாக்கி, ஊரின் வருவாய் அவரை எவ்வாறு மக்கள் விரோதியாக்கியது என்று காட்டினார். நம் எழுத்தில் மருத்துவிச்சியையோ, குழாய்நீரைச் சோதிக்கும் பரிசோதகரையோ மையப் பாத்திரமாக நினைவுகூர வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கொழும்பில் வாழ்ந்த மேரி இரத்தினம் என்ற வைத்தியப் பெண்மணி, பாடசாலை மாணவருக்கென உடல்நல நூல்கள் எழுதினார். லங்கா மகிளா சமித்தியை நிறுவிக் கிராமப் பெண்களிடையே சுகாதாரத்தைக் கொண்டுசென்றார். 1958இல் மக்சேசே பரிசு பெற்றார். கனடாவிற் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்த அவரைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் எழுதலாம். எவரும் தடுக்கவில்லை.

செய்யக்கூடியது என்ன என்று மாணவர் கேட்பர். பேலியகொடையையே எடுத்துக்கொள்வோம். வேண்டுவது பெரிய வைத்தியசாலையன்று. இரு சந்தைகளுக்கும் பொதுவாக ஓர் அறை. அது இரவு ஒரு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை, கிழமைக்கு இரண்டு நாளேனும் திறந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தமானி ஒன்று, நிறைகோல் ஒன்று. சீனிக்கு, வெறும் வயிறு வேண்டாத மூன்றுமாதச் சராசரிச் சோதனை இப்போது உண்டு. சற்று விலை கூடியதெனினும் இரவுத் தொழிலாளிக்கு அதுவே பொருந்தும். முடிவைக் குறித்துவைக்க ஒரு கொப்பி. அடுத்த மாதம் வராதவரைத் தேடிச் செல்ல ஒரு ஆள். மருத்துவிச்சி வீட்டுக்குப் போனது போல அவர் கடைவரிசைக்குப் போகட்டும். நாட்டாமைகளுக்கு ஒப்பந்தமும் இல்லை, லீவும் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கடைச் சிப்பந்திக்கு உறுதிசெய்த விடுமுறை நாட்கள், பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவரை எட்டுவதில்லை. ஆகவே சோதனைக்கு அவர் செலவிடும் அரைமணிக்கும் கூலி உண்டென்று வியாபாரிகள் சங்கத்தோடு உடன்படிக்கை செய்யவேண்டும். சம்பளக் கோரிக்கைகளின் நடுவே இப்படியொரு வரியை நம் தொழிற்சங்கங்கள் எழுதியிருப்பதாக நாம் காணவில்லை. இரவுப் பணிக்கு வரும் தாதிக்கும் உத்தியோகத்தருக்கும் மேலதிகப்படி கொடுப்பது யார் என்ற கேள்வி எஞ்சும். சந்தைக் கடைகளின் வாடகை வருமானத்திலிருந்தே அதனை எடுக்கலாம் என்பது எமது எண்ணம். சுகாதார வைத்திய அதிகாரியின் பணத்திலிருந்து எடுப்பதே முறை என்று வாதிப்போரும் உளர். சங்கத் தோழர்கள் தம் கருத்தை எழுதட்டும். அடுத்த இதழில் இடம் உண்டு.